ஆனைமலைக் காடு: தந்தம் முதல் தண்ணீர் வரை

"காடுகளால் விளையும் பயன்கள் யாவை?" என்ற வினா பள்ளித் தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படுவது. மரம், விறகு, தேன், மூலிகை, மழை என்று வரிசையாக எழுதி நாம் அனைவரும் மதிப்பெண் பெற்றிருக்கிறோம். விடை சரியானதே. ஆனால் இதே வினாவை வெவ்வேறு காலத்து மனிதர்களிடம் கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சேர மன்னன் 'யானை' என்றிருப்பான். 1810ஆம் ஆண்டில் பம்பாய்க் கப்பல் தளத்து அதிகாரி 'தேக்கு' என்றிருப்பார். 1860இல் இருப்புப்பாதைப் பொறியாளர் 'தண்டவாளத்துக்கு அடிக்கட்டை' என்றிருப்பார். 1900இல் தோட்டத்துரை, 'வெட்டி அகற்றினால் தேயிலைக்கு நல்ல நிலம்' என்றிருப்பார். 1960இல் பாசனப் பொறியாளர் 'தண்ணீர்' என்றிருப்பார். இன்றைய வன அதிகாரியைக் கேட்டால் 'புலிகளின் உறைவிடம்' என்பார்.

இத்தனை விடைகளும் ஒரே காட்டைப் பற்றியவை என்றால் நம்புவீர்களா? அதுதான் பொள்ளாச்சிக்கும் உடுமலைப்பேட்டைக்கும் தெற்கே நீல நிறச் சுவராக எழுந்து நிற்கும் ஆனைமலைக் காடு. அதன் கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

மலையும் மழையும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் இடைவெளி உண்டு. அதுவே பாலக்காட்டுக் கணவாய். அதற்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இந்தத் தொடரில் கேரள எல்லைக்குள் இருக்கிறது.

ஜூன் மாதத்தில் அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலேறுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்பிருந்த அளவு நீராவியைத் தாங்க இயலாது. எஞ்சிய நீராவி மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றோ அழுத்தப்பட்டு வெப்பமடைகிறது. அதில் மழைக்கு வழியில்லை. ஆகவேதான் வால்பாறை மேட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும்போது, பறவை பறக்கும் தொலைவிலுள்ள பல்லடம், தாராபுரம் பக்கத்துச் சமவெளியில் 600, 700 மில்லிமீட்டருக்கே வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மழை மாறுவதால் காடும் மாறுகிறது. கிழக்கு அடிவாரத்தில் முட்புதர்கள். சற்று மேலே மூங்கிலும், கோடையில் இலையுதிர்க்கும் தேக்கும். மழை மிகுந்த மேட்டில் என்றும் பசுமை மாறாத அடர்ந்த மழைக்காடு. அதற்கும் மேலே, 2,000 மீட்டரை ஒட்டிய உயரங்களில், பரந்த புல்வெளியும் பள்ளங்களில் சோலைக்காடும். நான்கைந்து வகைக் காடுகள் ஒரே மலையில் அடுக்கடுக்காக அமைந்திருப்பதுதான் இதன் சிறப்பு. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய அடுக்கை மட்டுமே கண்டார்கள் என்பதை இக்கதை நமக்குக் காட்டும்.

உம்பற்காடு

சங்க நூலான பதிற்றுப்பத்து சேரர்களின் 'உம்பற்காடு' பற்றிக் கூறுகிறது. 'உம்பல்' என்றால் யானை. இவ்வும்பற்காடு இன்றைய ஆனைமலைப் பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். அக்காலத்து அரசனுக்கு யானை வெறும் விலங்கன்று. அதுவே போர்க்கருவி, அதுவே பாரம் தூக்கும் பொறி. எனவே யானைக்காட்டை ஆள்வது படைக்கலச் சாலையை ஆள்வதற்கு ஒப்பானது.

யானைக்குத் தந்தமும் உண்டு. முசிறித் துறையிலிருந்து எகிப்துக்குச் சென்ற ஒரு கப்பலின் சரக்கு விவரம், கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடு ஒன்றில் கிடைத்துள்ளது. ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரில் பாதுகாக்கப்படும் அந்த ஏட்டில் யானைத் தந்தமும் ஒரு முக்கியச் சரக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே வணிகப் பாதை இருந்தது. கோவைக்கு அருகே வெள்ளலூரில் ரோமானிய நாணயப் புதையல்கள் அகப்பட்டது அதற்குச் சான்று.

காட்டுக்குள் இருந்தவர்களையும் மறக்கலாகாது. காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் ஆகிய பழங்குடியினர் தேன், மெழுகு, ஏலம் முதலிய பொருள்களைச் சேகரித்துச் சமவெளியாரிடம் கொடுத்து, உப்பும் தானியமும் துணியும் பெற்றனர். இவர்கள் எடுத்தது மீண்டும் விளையக்கூடியது. எடுத்தவர்களின் எண்ணிக்கையும் குறைவு. அதனால் பல நூற்றாண்டுகள் கடந்தும் காடு காடாகவே நின்றது.

கப்பலுக்குத் தேக்கு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. ஐரோப்பாவில் தொடர்ந்து போர். இங்கிலாந்தின் கடற்படைக்கு ஓக் மரம் போதவில்லை. பார்வை மலபார்த் தேக்கின் மீது விழுந்தது.

தேக்கில் அப்படி என்ன இருக்கிறது? முதலாவதாக, அதன் எண்ணெய்ப் பசை. இதனால் கறையான் அண்டுவதில்லை. நீரில் நெடுங்காலம் கிடந்தாலும் எளிதில் மக்குவதில்லை. இரண்டாவதாக, ஈரத்தில் அதிகம் உப்புவதுமில்லை, வெயிலில் அதிகம் சுருங்குவதுமில்லை. கப்பலின் பலகைகளுக்கிடையே பிளவு விழாமல் இருக்க இது இன்றியமையாதது. மூன்றாவதாக, ஓக் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானிக் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெயோ ஆணியைத் துருவிலிருந்து காக்கும். பம்பாய்த் தளத்தில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கால் கட்டி 1817இல் கடலில் இறக்கிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறு ஆண்டு கடந்த மரம்!

இத்தகைய மரத்தைக் கம்பெனியார் விட்டுவைப்பார்களா? 1806இல் காப்டன் வாட்சன் என்பவரை மலபார், திருவிதாங்கூர்ப் பகுதிகளுக்குக் காட்டுக் காப்பாளராக நியமித்தார்கள். 'காப்பாளர்' என்பது பெயர். வேலையோ கப்பல் தளத்துக்கு மலிவாகத் தேக்கு திரட்டுவது. தேக்கு முழுவதும் கம்பெனிக்கே உரியது என்றாகிவிட்டது. மக்களும் மர வணிகரும் கொதித்தெழுந்தனர். சென்னை ஆளுநராக வந்த தாமஸ் மன்றோ 1823இல் அந்தப் பதவியையே நீக்கிவிட்டார். ஆனால் பதவி போனதே தவிரக் கோடரி போகவில்லை; தனியார் வெட்டு தொடர்ந்தது.

கடற்கரையை ஒட்டிய தேக்கு குறையக் குறைய, உள்நாட்டுக் காடுகளை நாட வேண்டி வந்தது. ஆனைமலைத் தேக்குக் காட்டின் ஒரு பகுதி கொல்லங்கோட்டு நம்பிடியின் உரிமையில் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து, 1840களின் இறுதியில் ஜேம்ஸ் மைக்கேல் என்ற இராணுவ அதிகாரியின் பொறுப்பில் மரவெட்டு தொடங்கியது. வெட்டிய மரங்களை யானைகளும் எருமைகளும் இழுத்துவர, பொன்னானி ஆற்று வழியே மிதக்கவிட்டுக் கடற்கரைக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து அவை பம்பாய்க்குக் கப்பலேறின.

டாப்சிலிப்: பெயரிலேயே இயற்பியல்

பொள்ளாச்சியிலிருந்து சுற்றுலாச் செல்வோர் 'டாப்சிலிப்' என்ற இடத்தை அறிவர். இது ஆங்கிலச் சொற்களால் ஆன பெயர். மலையின் மேல்முனையிலிருந்து மரத்துண்டுகளைச் சரிவில் சறுக்கிவிட்ட இடம் என்பது பொருள்.

சறுக்கலில் அடங்கிய ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உலர்ந்த தேக்கின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம். ஒரு கன மீட்டர் மரத்துண்டு 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். அதன் நிலையாற்றல் 650 × 9.8 × 300, அதாவது ஏறத்தாழ 19 இலட்சம் ஜூல். உராய்வே இல்லையென்றால் அடிவாரத்தை அடையும்போது அதன் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டரைத் தாண்டும்! உண்மையில் மண்ணும் கல்லும் புதரும் உராய்ந்து அந்த ஆற்றலின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். தின்ற ஆற்றல் எங்கே போயிற்று? சரிவிலுள்ள மண்ணைக் கிளறுவதிலும், இளங்கன்றுகளை முறிப்பதிலும், மரத்தையே பிளப்பதிலும் போயிற்று. புவியீர்ப்பு கூலி கேட்பதில்லை என்பது மேற்கணக்கு மட்டுமே. அந்தக் கூலியைக் காடு கொடுத்தது.

இதே புவியீர்ப்பை இன்னும் நுட்பமாகப் பயன்படுத்தியது, ஆனைமலைக்கு மேற்கே அமைந்த கொச்சி சமஸ்தானத்தின் காட்டு டிராம் பாதை. 1907 முதல் 1963 வரை, பரம்பிக்குளத்துக் காட்டையும் சாலக்குடி ரயில் நிலையத்தையும் அது இணைத்தது. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் இல்லை. மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும்போது, கம்பிக் கயிற்றின் மறுமுனையில் கட்டிய வெற்று வண்டியை மேலே இழுத்துவிடும். கிணற்றில் உருளையில் தொங்கும் இரண்டு வாளிகளை நினைத்துக் கொள்ளுங்கள். பொறியியல் என்ற முறையில் பாராட்டத்தக்க ஏற்பாடே. ஆனால் போக்குவரத்து எளிதாகும்போது வெட்டும் விரைவாகும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இரும்புப் பாதைக்கு மரப் படுக்கை

1856 ஜூலை 1ஆம் நாள், இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதிக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. 1862க்குள் பாதை பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, மேற்குக் கடற்கரையில் பேப்பூரை எட்டியது. தண்டவாளம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதைத் தாங்கும் அடிக்கட்டைகளுக்கு நம் நாட்டு மரம் தேவைப்பட்டது.

ஒரு மைல் பாதைக்கு 2,000 கட்டைகள் வரை தேவை. ஒரு கட்டை 9 அடி நீளம், 10 அங்குல அகலம், 5 அங்குலத் தடிமன் என்றால் சுமார் 3 கன அடி மரம். சென்னையிலிருந்து பேப்பூர் வரை ஏறத்தாழ 400 மைல். பெருக்கிப் பாருங்கள்: 8 இலட்சம் கட்டைகள், 24 இலட்சம் கன அடி மரம். அறுப்பில் வீணாகும் மரம் இதில் சேரவில்லை. இவை யாவும் தேக்கு அல்ல; யாவும் ஆனைமலையிலிருந்து வந்தவையும் அல்ல. ஆயினும் தேவையின் அளவு உங்களுக்குப் புரியும். மேலும் கட்டைகள் மழையிலும் வெயிலிலும் மக்கிச் சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியவை. ஆரம்ப நாள்களில் எஞ்சினுக்கு எரிபொருளும் விறகே.

இந்நிலையில்தான் ஓர் அறிவியல் எச்சரிக்கை எழுந்தது. ஹியூ கிளகார்ன் ஒரு மருத்துவர்; தாவரவியலில் தேர்ந்தவர். வெப்ப மண்டலக் காடுகளை அழித்தால் மழையும் நீரூற்றுகளும் மண்ணும் என்னவாகும் என்பது பற்றி, 1851இல் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்கு அளிக்கப்பட்ட அறிக்கையைத் தயாரித்தவர்களில் அவரும் ஒருவர். 1856இல் சென்னை மாகாணத்தில் காட்டுத் துறை அமைக்கப்பட்டபோது, அவரே அதன் முதல் தலைவரானார். ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளை நேரில் சென்று ஆராய்ந்தார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற பெட்டோம், தென்னிந்தியப் பெரணிகளையும் ஊர்வனவற்றையும் ஆராய்ந்து புகழ் பெற்றவர். காட்டை மரக்கிடங்காக மட்டும் காணாமல், உயிரினங்களின் தொகுதியாகக் காணும் பார்வை இவர்களோடு தொடங்கியது எனலாம். எனினும் அவர்களுடைய துறை அரசுக்கு வருவாய் காட்ட வேண்டிய துறையாகவே இருந்தது.

சட்டம் போட்ட வேலி

1882இல் சென்னைக் காட்டுச் சட்டம் நிறைவேறியது. எல்லைக் கற்கள் நடப்பட்டன. 'காப்புக்காடு' என்ற சொல் வழக்குக்கு வந்தது. கட்டுப்பாடற்ற வெட்டைத் தடுக்க இச்சட்டம் பயன்பட்டது என்பது உண்மை. ஆனால் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதுவரை காடரும் மலசரும் உரிமையாகச் செய்துவந்தவை, இனி அரசு விரும்பினால் அளிக்கும் சலுகைகளாயின. தேன் எடுப்பதற்கும் கிழங்கு தோண்டுவதற்கும் அனுமதி தேவைப்பட்டது. காட்டின் பழைய குடிகள், மரவெட்டுக்கும் யானை வேலைக்கும் கூலியாள்களாயினர். குழி வெட்டி யானை பிடிப்பதிலும், பிடித்த யானையைப் பழக்குவதிலும் மலசரின் திறமையையே துறை நம்பியிருந்தது. இன்றும் டாப்சிலிப் அருகே கோழிக்கமுத்தி யானை முகாமில் மலைமலசர் பாகன்களாகப் பணிபுரிவதைக் காணலாம்.

மழைக்காடு தேயிலைத் தோட்டமானது

மேலே சொன்ன வெட்டு முழுவதும் தேக்குக் காட்டில் நடந்தது. மழைக்காட்டு மரங்களுக்கு அன்று அவ்வளவு சந்தை இல்லை. அதனால் வால்பாறை மேடு தப்பியிருந்தது. 1890களில் தோட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு மரம் வேண்டியதில்லை. மரம் நின்ற மண்ணே வேண்டும்.

முதலில் காப்பி, பின்னர் தேயிலை. சில பத்தாண்டுகளில், ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம் தோட்டங்களாகவும் அவற்றுக்கிடையே சிதறிய காட்டுத் துண்டுகளாகவும் மாறியது. சமவெளியின் பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிய ஏழைக் குடும்பங்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து மலைக்கு அழைத்துச் சென்றனர். குளிரும் அட்டையும் மலேரியாவும் அவர்களுள் பலரைப் பலிகொண்டன. 1940களில் அங்கே மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டானியல், தாம் கண்டவற்றை ஆங்கிலத்தில் நாவலாக்கி 1969இல் வெளியிட்டார். 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் அது பின்னர்த் தமிழில் வந்தது.

மலேரியாவுக்கு மருந்து கொயினா. அது சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. ஆகவே அரசு அதே மலையில் சின்கோனாத் தோட்டமும் போட்டது. செயற்கை மருந்துகள் வந்தபின் அதன் தேவை குறைந்து, அங்கும் தேயிலை ஏறியது. வால்பாறைக்கு அருகே 'சின்கோனா' என்ற ஊர்ப்பெயர் மட்டும் அந்த நாளின் நினைவாக இருக்கிறது.

தேக்குக் காட்டுக்கும் மழைக்காட்டுக்கும் நேர்ந்தவற்றில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மரத்தை வெட்டினாலும் அடிமரமும் மண்ணும் விதையும் இருந்தால் காடு திரும்ப வாய்ப்பு உண்டு. வேரோடு அகற்றி வேறு பயிர் வைத்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. இது வெறும் கருத்து அல்ல என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டும்.

வட்டியை உண்டு முதலைக் காத்தவர்

1915ஆம் ஆண்டு வாக்கில் ஹியூகோ வுட் என்ற காட்டு அதிகாரி ஆனைமலைக்கு வந்தார். மவுண்ட் ஸ்டூவர்ட் பகுதித் தேக்குக் காடு அப்போது பெரிதும் தேய்ந்திருந்தது. வெட்டை நிறுத்தி, பகுதி பகுதியாகக் காட்டுக்கு ஓய்வளிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தேக்குக்கு ஓர் இயல்பு உண்டு: வெட்டிய அடிமரத்திலிருந்து புதுத் தளிர் கிளம்பும். வேர் ஏற்கெனவே ஆழமாக இருப்பதால் அது விதைக் கன்றைவிட விரைந்து வளரும். இந்தத் தளிரை வளரவிட்டு, பல ஆண்டுகள் கழித்தே அந்தப் பகுதிக்குத் திரும்புவது என்பது அவருடைய திட்டம். நடக்கும்போதெல்லாம் பைநிறையத் தேக்கு விதைகளை எடுத்துச் சென்று, கைத்தடியின் முனையால் துளையிட்டு ஊன்றிக்கொண்டே போவார் என்று சொல்வர்.

வங்கியில் போட்ட பணத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஆண்டுதோறும் வளரும் மரத்தின் அளவு வட்டி. நிற்கும் காடு முதல். வட்டிக்கு மேல் எடுத்தால் முதல் கரையும். முதல் கரைந்தால் வட்டியும் குறையும். அவருக்கு முன்பிருந்தோர் முதலையே செலவழித்தனர். 1933 டிசம்பரில் குன்னூரில் காலமான வுட், தம் விருப்பப்படியே டாப்சிலிப் அருகே தாம் வளர்த்த தேக்குகளின் நடுவே அடக்கம் செய்யப்பட்டார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வரிசையாக நிற்கும் தேக்கு, காட்டின் ஒரு பகுதியே. முழுக் காடு அன்று. ஒரே வகை மரம் நிற்குமிடத்தில் யானைக்கு மூங்கில் குறைவு. இருவாய்ச்சிப் பறவைக்கு அத்திப்பழம் இல்லை. வுட் காத்தது தேக்கை. அதன் நிழலில் மற்றவையும் ஓரளவு பிழைத்தன.

மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது

விடுதலைக்குப் பின் மக்களின் கண் மலையின் நீர்மீது விழுந்தது. மழை முழுவதும் மேற்குச் சரிவில் பெய்து அரபிக்கடலுக்கு ஓட, கிழக்கே கொங்குச் சமவெளி வறண்டு கிடந்தது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் இதை மாற்றியது. நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு முதலிய ஆறுகளை அணைகளாலும் மலையைக் குடைந்த சுரங்கங்களாலும் இணைத்து, நீரைக் கிழக்கே திருப்பினார்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான உடன்படிக்கை 1970இல் கையெழுத்தாகி, 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. இன்று நான்கு இலட்சம் ஏக்கருக்கும் மேலான நிலம் இதனால் பயன்பெறுகிறது.

1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய காடம்பாறை மின் நிலையமும் இம்மலையில்தான் உள்ளது. நிலத்தடியில் அமைந்த இதன் திறன் 400 மெகாவாட். மின் தேவை குறைந்த நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தேவை மிகுந்த நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு கன மீட்டர் நீர் 300 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 0.8 யூனிட் ஆற்றல் உண்டு. அன்று மரத்தைச் சறுக்கிய அதே புவியீர்ப்பு, இன்று விளக்கெரிக்கிறது.

இங்கே காட்டின் வேலை என்ன? ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 டன் நீர். பருவமழை நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு இலட்சம் டன். வெற்று நிலத்தில் அது மண்ணையும் வாரிக்கொண்டு சில மணி நேரத்தில் ஓடிவிடும். இலைகளும் சருகும் வேர்ப்பின்னலும் உள்ள காட்டில், அதில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கி மெல்லக் கசிந்து வரும். மேலே புல்வெளியும் சோலையும் இருக்கும்வரை கோடையிலும் ஓடை வற்றாது. காடு அழிந்தால் அணையில் நீருக்குப் பதில் வண்டல் சேரும். அணை கட்டியவர்களுக்குக் காடு செய்யும் இந்த ஊழியத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆதலால் கணக்கேடுகளில் அதற்கு இடமும் இல்லை.

அணைகளுக்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டது. பள்ளத்தாக்குக் காடுகள் நீரில் மூழ்கின. காடர் குடியிருப்புகள் இடம்பெயர்ந்தன. பாதை வந்தது, பாதை வழியே இன்னும் பலர் வந்தனர்.

சரணாலயம், அதன் பின்

1972இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் ஆனைமலை வன உயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 958 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அது 1987இல் இந்திரா காந்தி பெயரைப் பெற்றது. 1980இன் காட்டுப் பாதுகாப்புச் சட்டமும், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் இட்ட ஆணையும் மரவெட்டைப் பெரிதும் நிறுத்தின. 2007இல் இப்பகுதி புலிகள் காப்பகமாயிற்று. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் தேர்ந்தெடுத்த பகுதிகளை யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றபோது ஆனைமலையின் சில பகுதிகளும் அதில் இடம்பெற்றன.

இதனால் கதை இனிதே முடிந்தது என்று எண்ண வேண்டாம். வால்பாறை மேட்டில் தேயிலை நடுவே ஏறத்தாழ 40 மழைக்காட்டுத் துண்டுகள் தீவுகள்போல் எஞ்சியுள்ளன. தரையில் இறங்கி நடக்கப் பழகாத சோலைமந்திக்கு, ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குப் போக மரப்பாலம் இல்லை. யானைக் கூட்டங்கள் தோட்டங்களின் ஊடே கடக்க வேண்டியிருப்பதால், தொழிலாளரும் யானையும் இருட்டில் எதிர்ப்பட நேர்கிறது. யானை நடமாட்டத்தைக் கைபேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் முன்கூட்டி அறிவிக்கும் ஏற்பாடு அங்கே நல்ல பலன் தந்திருக்கிறது.

சிதைந்த துண்டுகளில் உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டுக் காட்டை மீட்கும் பணியை, தோட்ட நிறுவனங்களின் துணையோடு ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகின்றனர். நட்டுப் பராமரித்த இடங்களில், தானே வளரட்டும் என்று விட்ட இடங்களைவிட மர வகைகளும் மரத்தில் சேரும் கார்பனும் மிகுந்திருக்கக் கண்டனர். ஆயினும் பழுதுபடாத மழைக்காட்டின் நிலையை அவை இன்னும் எட்டவில்லை. ஒரு பருவத்தில் வெட்டியதைத் திருப்ப ஒரு தலைமுறை போதவில்லை என்பதே இதன் பொருள்.

விடுபட்ட விடை

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு ஒருவரின் விடையை மட்டும் நாம் கேட்கவே இல்லை. காட்டில் வாழ்பவரின் விடை அது.

2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. காட்டில் வாழும் பழங்குடியினருக்கு முன்பு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று அச்சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் சட்டம் வந்தவுடன் எல்லாம் மாறிவிடவில்லை. 2019 ஆகஸ்டுப் பெருமழையில் வால்பாறைப் பக்கத்துக் கல்லார் காடர் குடியிருப்பு நிலச்சரிவால் சிதைந்தது. அக்குடும்பங்கள் தோட்டத் தொழிலாளர் வீடுகளில் தங்கவைக்கப்பட்டன. காட்டுக்குள்ளேயே, பாதுகாப்பான தெப்பக்குளமேட்டில் குடியமர இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அதைப் பெற 2021 வரை போராட வேண்டியிருந்தது. புலிக்கும் யானைக்கும் ஒதுக்கிய காட்டில், அவற்றோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் ஒரு குடிசை போட இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் அறிவது என்ன? ஒவ்வொரு காலத்திலும் அந்தக் காலத்துக்குத் தேவையான ஒரே பொருளாகக் காடு சுருக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அந்த ஒரு பொருள் கிடைத்தது. கணக்கில் வராத மற்றொன்று இழக்கப்பட்டது. கப்பல் கட்டியவர் நீரை எண்ணவில்லை. தேயிலை போட்டவர் சோலைமந்தியை எண்ணவில்லை. அணை கட்டியவர் காடரை எண்ணவில்லை. அவர்கள் எல்லாரும் தீயவர்கள் அல்லர், பலர் திறமைசாலிகள், சிலர் நல்லவர்களும்கூட. அவர்கள் கேட்ட வினா குறுகியது, அவ்வளவே.

மாணவ நண்பர்களே, ஆய்வகத்தில் ஓர் அளவை எடுக்கும்போது, அளக்காமல் விட்டவை எவை என்று குறித்துக்கொள்ள உங்களுக்குக் கற்றுத் தருகிறோம். காட்டைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நாளை உங்களுள் சிலர் அமரக்கூடும்: பொறியாளராக, வன அலுவலராக, சட்டமன்ற உறுப்பினராக. அப்போது "இந்தக் காட்டால் என்ன பயன்?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "யாருக்குப் பயன்? எத்தனை காலத்துக்கு? எதை இழந்து?" என்ற மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேளுங்கள். ஆனைமலையின் கதையில் அவற்றைக் கேட்கத் தவறிய ஒவ்வொரு முறைக்கும் காடும் காட்டினரும் விலை கொடுத்திருக்கிறார்கள்.